பச்சை எழுத்தில் பத்து வினாடி

தீர்மானத்துக்குப் போறதுக்கு முன்னால, நடந்த ஒண்ணைச் சொல்லிடறேன். சின்னக் கதைதான். சாப்பாட்டு நேரம்னு பின்னால எந்திரிக்கிறவங்க கொஞ்சம் உக்காருங்க... இது உங்களைப் பத்தின கதை.

நம்ம கம்பெனியோட ஸ்கேன் மெஷின்ல படத்தை வரையறது யாரு? ஒரு கிராஃபிக்ஸ் சிப்பு. அதை வேலை வாங்குறது நாம எழுதுற டிரைவர்ங்கிற புரோகிராம். அந்த டிரைவருக்குள்ள ரெண்டு ஆள் இருக்கிறதா வச்சுக்கோங்க. முதல் ஆள், படம் வரைய நினைவகத்துல இடம் ஒதுக்குறவன். ஒதுக்குறப்ப வேற யாரும் கை வைக்கக் கூடாதுன்னு பூட்டுப் போட்டு, சாவியைக் கையில வச்சுக்குவான். நல்ல பழக்கம். ரெண்டாவது ஆள், சிப்பு ஒரு வேலையை முடிச்சதும் 'முடிஞ்சது'ன்னு குறிச்சு வைக்கிறவன். அவன் குறிக்கிற நோட்டும் அதே பூட்டுக்குள்ளதான்.

ஒரு சமயம் இடம் பத்தலை. முதல் ஆள் சொல்றான்: "சிப்பு இப்பச் செய்யற வேலை முடியட்டும், அந்த இடத்தை எடுத்துக்கறேன்." சொல்லிட்டு நிக்கிறான். எப்படி? சாவியோட நிக்கிறான்! சிப்பு முடிச்சிருச்சு. ரெண்டாவது ஆள் ஓடி வர்றான்.

"முடிஞ்சதுன்னு எழுதணும், சாவியைக் குடு."

"நீ எழுது, அப்புறம் குடுக்கறேன்."

"குடுத்தாத்தானே எழுத முடியும்?"

"எழுதினாத்தானே குடுக்க முடியும்?"

சிரிக்கிறீங்க... யார் மேல தப்பு, சொல்லுங்க? ரெண்டு பேருமே அவனவன் விதிப்படிதான் நிக்கிறான். முதல் ஆளை எழுதினது மாடியில இருக்கிற குழு. ரெண்டாவது ஆளை எழுதினது கீழ இருக்கிற குழு. இந்த ரெண்டு குழுவும் இன்னைக்கு வரைக்கும் ஒரு மேசையில உக்காந்ததில்லை.

இதுக்கு நாம என்ன செஞ்சோம்? ஒரு காவல்காரனைப் போட்டோம். படம் பத்து வினாடி அசையலைன்னா, அவன் சிப்பை உலுக்கி மறுபடி எழுப்பிடுவான். சோதனை ரிப்போர்ட்ல ஒரு வரி விழும்: 'நின்றது, மீட்கப்பட்டது.' என்ன நிறத்துல? பச்சை! தேறியாச்சுங்கிற பச்சை!

அது சிவப்பா இருக்கணும்னு, டிரைவரைச் சோதிச்சுப் பார்க்கிற நான் சொன்னேன். இதோ முன்வரிசையில இருக்கிற மேனேஜர் தீனதயாளன் என்ன சொன்னார்?

"வெள்ளிங்கிரி அண்ணா, நாலாயிரம் தடவைக்கு ஒரு தடவைங்க. அதுவும் தானா வந்துருது. முன்னால நீங்க வச்சிருந்த டிவி ரிப்பேர் கடையில ஒரு தட்டு தட்டினா படம் வரும்ல? அப்படி நெனச்சுக்கோங்களேன்."

எல்லாரும் சிரிச்சீங்க. நான் காலேஜ் வாசல் மிதிக்காதவன். புஸ்தகத்தைப் புரட்டி நானே கத்துக்கிட்டவன். அதனால சிரிச்சீங்க. நான் சொன்னேன்: "தட்டினா படம் வரும் தம்பி. ஆனா தட்டிட்டு, சரியாயிடுச்சுன்னு ஒரு செட்டைக்கூட நான் வீட்டுக்கு அனுப்பினதில்லை."

யார் காதுலயும் ஏறலை. போன மாசம் மெஷின் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குப் போச்சு. நானும் தீனதயாளனும் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம், இன்னொரு மானிட்டர்ல அதே படத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறோம். அந்தப் பக்கம் செண்பகவல்லின்னு ஒரு பொண்ணு. அஞ்சு மாசம். இதுக்கு முந்தின குழந்தை வயித்துலயே போயிடுச்சுன்னு டாக்டர்கிட்ட அது சொன்னது எங்களுக்கும் கேட்டுச்சு.

டாக்டர் ரெஜினா நல்ல மனுஷி. "இங்க பாரு கண்ணு... இந்தப் புள்ளி மாதிரி துடிக்குதே, அதான் இதயம்."

துடிச்சுது... துடிச்சுது... நின்னுது.

"ஏனுங் டாக்டர்... நின்னு போச்சுங்களே?"

டாக்டர் கருவியை நகர்த்திப் பார்த்தாங்க. படம் நகரலை. அவங்களுக்கு உடனே புரிஞ்சுது. "மெஷின்தாம்மா நின்னிருக்கு, பாப்பா இல்லை." ஆனா அந்தப் பொண்ணு காதுல அது விழலை. "போன தடவையும் இப்படித்தானுங்க காட்டுனாங்க... இப்படித்தானுங்க அசையாம..."

நான் எண்ணினேன். நாலு... அஞ்சு... ஆறு... பத்து வினாடி எவ்வளவு நீளம்னு உங்களுக்குத் தெரியுமா? இந்தா, இப்ப நான் பேசாம நிக்கிறேன்.

...

இது வெறும் அஞ்சு. அதுக்குள்ள நெளியறீங்க.

பத்தாவதுல காவல்காரன் உலுக்கினான். படம் வந்துது, இதயம் துடிச்சுது. தீனதயாளன் பெருமூச்சு விட்டார். அப்ப அந்தப் பொண்ணு ஒரு கேள்வி கேட்டா:

"இப்ப துடிக்கிறது நெசமுங்களா... இல்ல, இதுவும் மெஷினுங்களா?"

பதில் சொல்லுங்க! நம்ம ரிப்போர்ட்ல இதுக்குப் பதில் இருக்கா? டாக்டர் நம்ம மெஷினை ஓரமாத் தள்ளிட்டு, கையில பிடிக்கிற சின்னக் கருவியை வயித்துல வச்சு இதயச் சத்தத்தைக் கேக்க வச்சாங்க. அதுக்கப்புறம்தான் அவ அழுதா.

இந்த விஷயம் ஏன் உங்க யாருக்கும் தெரியலை? ரிப்போர்ட்ல பச்சையா இருந்துச்சு. பச்சையை யாரும் படிக்கிறதில்லை. தீனதயாளன் இங்கதான் இருக்கார். நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தா எந்திரிச்சு மறுக்கட்டும்...

மறுக்கலை. பார்த்துக்கோங்க.

இப்ப உங்க கையில இருக்கிற தீர்மானம் என்ன? காவல்காரனோட பத்து வினாடியை ரெண்டு வினாடி ஆக்கலாம்! அந்தப் பொண்ணை ரெண்டு வினாடி மட்டும் பயமுறுத்தலாம்னு அர்த்தம். மெஷின் மறுபடி ஓடுதுங்கிறது வேற, அதை நம்பலாங்கிறது வேற. ஐயா, அம்மா, நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. சாவியைக் கையில வச்சுக்கிட்டு யாரும் காத்திருக்கக் கூடாது. காத்திருக்கணுமா? முதல்ல சாவியைக் கீழ வை. அதுக்கு மாடியும் கீழயும் ஒரு மேசையில உக்காரணும். ஆறு வாரம் ஆகும். ஆகட்டும்.

சோதனை முடிஞ்சதுன்னு என் கையெழுத்து இல்லாம இந்த டிரைவர் வெளிய போகாது. அந்த விதியை எழுதினது நீங்கதான். பேனா என் சட்டைப்பையில இருக்கு. அது அங்கயேதான் இருக்கும்... அந்த வரி சிவப்பாகிற வரைக்கும், அதுக்கப்புறம் அந்த வரியே விழாம போற வரைக்கும்.

இப்ப ஓட்டெடுப்பு வைங்க. ரெண்டு வினாடி போதும்கிறவங்க, என் முகத்தைப் பார்த்துக் கை தூக்குங்க.