வெட்டுத்துணிக் கூடையில் ஒருத்தி

மனைவி: கையை நீட்டுங்க. அந்தக் கை இல்ல.

தையல்காரர்: நீதான் அன்னிக்கே தோலைச் சுரண்டி நீ வேலை பாக்குற லேபுக்கு எடுத்துட்டுப் போனியே...

மனைவி: வளர்ந்து வந்துடுச்சு. பூஞ்சை. வெள்ளையா, மொசுமொசுன்னு, அழகா.

தையல்காரர்: அழகா இல்லாம? என் கையிலேருந்து போனதாச்சே.

மனைவி: பெருமைதான். இதுக்கு என்ன போட்டீங்க?

தையல்காரர்: தொண்டை வலிக்கு வாங்குன மாத்திரை கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு...

மனைவி: அது பாக்டீரியாவுக்குங்க. பூஞ்சைக்கு அது வெறும் தண்ணி.

தையல்காரர்: அப்புறம் மருந்துக்கடையில சொல்லி ஒரு களிம்பு. அரிப்பு சட்டுனு அடங்கிடுச்சு.

மனைவி: அரிப்பும் சிவப்பும் உங்க உடம்பு போடுற சண்டை. காவல்காரனைத் தூங்க வெச்சுட்டு, திருடனுக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கீங்க. வட்டம் பெருசாயிருக்கு பாருங்க.

தையல்காரர்: உள்ள... உள்ள புகுந்துடுமா?

மனைவி: புகாது. மேல்தோலைத் தின்னுக்கிட்டே ஓரமா பரவும். ஆனா இந்த ரகம் பெரும்பாலும் பூனைகிட்டேருந்துதான் வரும்.

தையல்காரர்: நம்ம கடையில ஏது பூனை...

மனைவி: கடைன்னு நான் சொல்லவே இல்லையே.

தையல்காரர்: வெட்டுத்துணிக் கூடையில ஒரு குட்டி வந்து படுத்துக்கிச்சு. உள்ளங்கை அளவுதான். பூனையே ஆகாதுன்னு நீ சொல்லியிருக்க, அதான்... துரத்தச் சொல்லாத, தாயே.

மனைவி: தினம் மதியம் லேப் முடிஞ்சு வந்து, நீங்க தூங்கப் போறப்ப கடையில உக்கார்றது நான். என் கண்ணுல படாமலா?

தையல்காரர்: நீ இருந்தா மூச்சு விடாது. சமர்த்து. ஒரே குறை... பால் வெச்சா முகர்ந்துட்டுத் திரும்பிப் படுத்துக்கும். பட்டன்னு பேர் வெச்சேன், கூப்பிட்டாலும் திரும்பாது. வயிறு மட்டும் பானை மாதிரி.

மனைவி: ம்... இதே பூஞ்சை இன்னொரு அம்மாவுக்கும் இருக்கு. கழுத்துல.

தையல்காரர்: ஐயையோ, நம்ம வாடிக்கையா? ஊரெல்லாம் சொல்லிடுவாங்களே.

மனைவி: சொல்ல மாட்டாங்க. கூடைத் துணியைத் தூக்கிப் போடுங்க. குட்டியை நாளைக்கு மிருக டாக்டர்கிட்ட காட்டலாம், சரியாகிடும். நம்ம ரெண்டு பேருக்கும் பூஞ்சைக்கான களிம்பு வாங்கிட்டேன்.

தையல்காரர்: அப்ப குட்டி இருக்கலாமா... இரு, ரெண்டு பேருக்குமா? ஆமா, இந்தப் புழுக்கத்துல கழுத்தை எதுக்கு இப்படிச் சுத்தி மூடியிருக்க?

மனைவி: பால் குடிச்சா அவ என் தோள்லதாங்க தூங்குவா. அப்புறம், பட்டன் கிட்டன்னு கூப்பிடாதீங்க... ராணின்னாதான் திரும்பிப் பாப்பா.