வெடிக்கு முன்னால் ஒரு மிஸ்டு கால்

— இன்னாம்மா, எடுத்துட்டீங்க? எடுக்கக் கூடாதுன்னுதானே நம்ம பேச்சு?

— நீங்க கட் பண்ணலையேங்க. எப்பவும் மூணு ரிங்குல நின்னுடும். இன்னைக்கு அடிச்சுக்கினே இருந்துது. இன்னாவோ ஏதோன்னு பயந்து எடுத்துட்டேன். குவாரி வெடிக்காரர்தானே?

— வேற யாரு? சிட்டிபாபுதான். கொரலு மறந்துபோச்சா?

— மறக்கறதுக்குக் கேட்டாத்தானே? ரெண்டு வருஷத்துல நீங்க என்னாண்ட பேசினது ஒரே ஒரு நாளு. அதுவும் நான் கத்துனேன், நீங்க தலையைக் குனிஞ்சுக்கினு நின்னீங்க.

— கத்துனீங்களா? அறுந்த பட்டு இழையைக் கையில புடிச்சுக்கினு குவாரிக்குள்ள நுழைஞ்சீங்க. யாருய்யா இங்க வெடி வைக்கறவன்னு ஒரு சத்தம். லாரிக்காரனுங்கள்லாம் வண்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கினானுங்க. டைனமைட்டுக்குப் பயப்படாதவனுங்க அவனுங்க.

— பின்ன இன்னாங்க? தறிக்குழியில காலை உட்டு மிதிச்சுக்கினு இருக்கேன். கீழேர்ந்து திடும்னு ஒரு உலுக்கு. காலு நழுவுது, பாவு இழை பட்டுனு அறுந்து போவுது, பொடவை குறுக்கால கோடு உழுந்துடுது. அது முகூர்த்தப் பொடவைங்க. கோடு உழுந்ததை எந்தப் பொண்ணு கட்டிக்கினு மணையில உக்காருவா?

— மேனேஜரு உங்களை வெளிய போவச் சொன்னாரு.

— ஆமா. நீங்க மட்டும்தான் என் பின்னாடியே கேட்டு வரைக்கும் ஓடியாந்தீங்க. நம்பரு குடும்மா, வெடிக்கறதுக்கு முன்னாடி ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன், காலை வெளிய எடுத்துக்கோன்னீங்க. சும்மா வாய்க்குச் சொல்றாருன்னு நெனச்சேன். மறுநாளு போனு அடிச்சுது பாருங்க, அட ராமா, எனக்கு அழுவையே வந்துடுச்சு.

— இதுக்கா அழுவாங்க?

— நான் ஒண்ணு கேட்டு, அதை ஒருத்தரு செஞ்சு எத்தினியோ காலம் ஆயிருந்துதுங்க.

— சரி சரி. இப்ப அழுவாதீங்க.

— நான் எங்க அழுவறேன்? இன்னைக்கு வெடி இல்லையா, இப்படிப் பேசிக்கினு நிக்கறீங்க?

— இருக்குது. பாறைக் குழியெல்லாம் வெடிமருந்து போட்டு முடிச்சாச்சு. ரோட்டுல செவப்புக் கொடி புடிக்கப் போனா, எதிர்ல ஒரு ஆட்டு மந்தை. முன்னாலயும் போவல, பின்னாலயும் போவல. அதுங்க நவுர்ற வரைக்கும் நேரம் இருக்குது.

— போனைக் கையில வெச்சுக்கினு மருந்தாண்ட நிக்கலாமாங்க? போனு கிட்டக்க இருந்தா அது தானா வெடிச்சாலும் வெடிச்சுடுமாமே.

— இதெல்லாம் யாரு சொன்னா உங்களுக்கு?

— விசாரிச்சேன்.

— விசாரிச்சீங்களா! பயப்படாதீங்க. போனு எப்பவும் கீழ எடை போடற ஷெட்டுலதான் கெடக்கும். மேல கொண்டு போவக் கூடாது. மருந்து போட்டுட்டு எறங்கி வந்து உங்களுக்கு அடிச்சுட்டு, திரும்ப மறைவுக்கு ஏறிப் போய்த்தான் வெடிக்கறது.

— தெனமும் எனக்காவவா எறங்கி ஏறுறீங்க?

— மலை ஏறுனா புண்ணியம்னு காசு செலவு பண்ணி திருப்பதி போறாங்க. எனக்குக் கூலி குடுத்து ஏத்துறாங்க. மேனேஜருதான் கிண்டல் பண்ணுவாரு. யோவ் சிட்டி, பொண்டாட்டிக்காய்யா போனுன்னு.

— நீங்க இன்னா சொல்வீங்க?

— தறிக்குங்கன்னு சொல்வேன். போன்லயும் அப்படித்தான் பதிஞ்சு வெச்சிருக்கேன். தறின்னு. உங்க பேரைத்தான் அன்னைக்குக் கேக்கவே இல்லையே.

— துர்கா. என் போன்ல நீங்க வெடி. எங்க அண்ணி ஒரு நாளு பாத்துட்டு, இது யாருடி, பட்டாசுக் கடைக்காரனா, தீபாவளிக்கு இன்னும் ஆறு மாசம் இருக்குதேன்னா.

— துர்காம்மா. நல்லா இருக்குது. தறின்னு கூப்புட்டுக் கூப்புட்டு மனசுல அதுவே பதிஞ்சுபோச்சு.

— மனசுக்குள்ள கூப்புடுவீங்களா?

— சாயங்காலம் ரூம்ல சோறு பொங்கிக்கினு இருக்கும்போது நெனைப்பேன். தறிக்காரம்மா இன்னைக்கு எத்தினி முழம் நெய்ஞ்சிருப்பாங்க, இன்னா கலரா இருக்கும்னு. தப்பா எடுத்துக்காதீங்க.

— மாம்பழக் கலரு. அரக்கு பார்டரு. நேத்துதான் முந்தானைக்கு வந்தேன்.

— அப்படியா! நான் பச்சைன்னு நெனச்சிருந்தேன்.

— பச்சை போன மாசம். நான் ஒண்ணு கேக்கட்டுங்களா? வெடிச்சு முடிஞ்சதும் ரெண்டாவதா ஒரு தடவை அடிப்பீங்களே, அது நம்ம பேச்சுல இல்லையே?

— அது வந்து... முடிஞ்சுது, இனிமே நெய்யலாம்னு.

— வெடிச் சத்தம் கேட்டா முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுக்க மாட்டாங்களா யாராச்சும்?

— தெரியுந்தான். இன்னான்னா, பொகை அடங்குனதும் இங்க ஒவ்வொருத்தனும் ஊட்டுக்குப் போனு போடுவான். ஆச்சும்மா, நல்லாருக்கேன்னு. எனக்குப் போட ஆளு இல்ல. அம்மா போய்ச் சேந்துட்டாங்க. வெடிக்காரனுக்கு எவன் பொண்ணு குடுக்கறான்? கையில வெரலு எல்லாம் இருக்குதான்னு எண்ணிப் பாத்துட்டுப் போனவங்கதான் உண்டு. அதான் நானும் ஒரு ஊட்டுக்கு அடிக்கற மாதிரி அடிச்சுக்கினேன்.

— எனக்குத் தெரியும்.

— இன்னா தெரியும்?

— அது நெய்யலாம்னு சொல்ற மணி இல்லன்னு தெரியும். மொத மணி அடிச்சா இழை ஓட்டற நாடாவைக் கீழ வெச்சுடுவேன். குழியிலேர்ந்து காலை எடுத்து மடக்கிக்கினு, கையெடுத்துக் கும்பிட்டுக்கினு உக்காந்துடுவேன். தாயே காமாட்சி, அந்த மனுஷன் முழுசா எறங்கி வந்துடணும்னு. ரெண்டாவது மணி அடிச்சாத்தான் கையை எடுப்பேன். எங்க ஊட்டுக்காரரு தவறுனதுக்கப்புறம் வேற யாருக்காவவும் நான் இப்படி வேண்டிக்கினதில்லீங்க.

— எனக்கோசரமா?

— ஒரு நாளு மொத மணியே அடிக்கல. பொழுது சாயற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். அண்ணி வந்து, காலு மரத்துப்போச்சா இல்ல புத்தி மரத்துப்போச்சான்னு கேட்டா.

— ஐயையோ. அன்னைக்கு வெடியே வைக்கல. பாறை இடுக்குல ஒரு நாயி குட்டி போட்டிருந்துது. கண்ணு கூடத் தொறக்கல அதுங்க. தாய் எங்களைக் கிட்டவே உடல. நாளைக்கு வெச்சுக்கலாம்னு சொன்னேன், மேனேஜரு குதிகுதின்னு குதிச்சாரு.

— அப்புறம்?

— மறுநாளு தாயே ஒவ்வொண்ணாக் கவ்விக்கினு போயிடுச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா?

— மனுஷங்களுக்கு இப்படி ஒரு நாளு தவணை குடுக்கறவங்க கெடைச்சா எவ்வளவு நல்லாருக்கும்.

— இன்னா இப்படிச் சொல்றீங்க?

— ஒண்ணுமில்ல. போன தை மாசம் ஒரு நாளு ரெண்டாவது மணி வரல.

— ஆங், அன்னைக்கு போன்ல சார்ஜு போயிடுச்சு.

— தெரியும். குவாரி கேட்டாண்ட டீக்கடையில டீயில பன்னை நனைச்சுத் தின்னுக்கினு இருந்தீங்க. பாத்தேன்.

— வந்தீங்களா? கூப்புட்டிருக்கலாமே!

— கூப்புட்டு இன்னான்னு சொல்றது? உசுரோட இருக்கீங்களான்னு பாக்க வந்தேன்னா? பாத்தேன், போதும்னு அடுத்த பஸ்ஸைப் புடிச்சுத் திரும்பிட்டேன்.

— பஸ்ஸா? உங்க ஊடு குவாரிக்குப் பின்னாடித் தெருதானே? நடந்தா ஒரு பீடி புடிக்கற நேரம் கூட ஆவாதே.

— காலு வலி அன்னைக்கு.

— இன்னா மணிச் சத்தம் அங்க? பெரிய கோயில் உச்சிகாலம் மாதிரி கேக்குது.

— டிவிங்க. ஏதோ பூஜை காட்றாங்க.

— நல்ல சகுனந்தான். துர்காம்மா, நான் போனை அடிக்க உட்டதே ஒரு விஷயம் கேக்கத்தான். இன்னையோட இங்க எனக்குக் கடைசி. நாளைக்கு கரீம்நகர் போறேன், கிரானைட் குவாரிக்கு. என் எடத்துக்கு சபாபதின்னு ஒருத்தரு வர்றாரு. பேத்தி எடுத்தவரு, நெத்தியில விபூதி இல்லாம மருந்தைத் தொட மாட்டாரு. உங்க நம்பரை அவராண்ட குடுத்துட்டுப் போறேன். உங்களைக் கேக்காம குடுக்கறது மொறை இல்லன்னுதான்.

— கரீம்நகர் எங்க இருக்குது?

— தெலங்கானாவுல. ஒரு ராத்திரி பூரா ரயிலு.

— எதுக்குப் போறீங்க?

— கூப்புட்டாங்க. இங்கயே இருன்னு சொல்றதுக்கு எனக்கு யாரு இருக்காங்க?

— வேணாம்.

— இன்னா வேணாம்?

— நம்பரு. அவராண்ட குடுக்க வேணாம்.

— நல்ல மனுஷம்மா அவரு. நான் சொன்னா தட்டாம செய்வாரு.

— நல்லவராவே இருக்கட்டும். அவரு அடிக்கற மணி எனக்கு வேணாம்.

— கோவமா? முந்தானைக்கு வந்தாச்சுன்னு இப்பத்தானே சொன்னீங்க? குறுக்க கோடு உழுந்தா? நான் அவ்ளோ தூரத்துல உக்காந்துக்கினு, இன்னைக்கு இழை அறுந்துச்சோ, துர்காம்மா பதறுனாங்களோன்னு நெனச்சுக்கினே கெடக்கணுமா?

— நெனைங்க.

— வெளையாடாதீங்கம்மா.

— அங்கேர்ந்து நீங்களே அடிங்க.

— அங்க வெடிச்சா உங்க தறி எப்படி ஆடும்? நடுவுல எத்தினி ஆறு, எத்தினி மலை!

— ஆடாதுதான்.

— பின்ன எதுக்கு அடிக்கறது? தோ, மந்தை போயிடுச்சு. மொத சங்கு ஊதுறான், கேக்குதா? நான் மேல ஏறணும். சபாபதியாண்ட இன்னா சொல்லட்டும்? சீக்கிரம் சொல்லுங்க.

— அவராண்ட ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க பத்திரமா வெடிச்சுட்டு எறங்கி வாங்க. வந்து ரெண்டாவது மணி அடிங்க. கட் பண்ணாதீங்க. நான் எடுப்பேன்.

— எடுத்து?

— எடுத்து, போவாதீங்கன்னு சொல்வேன். இப்பவே சொன்னா மலை ஏறும்போது உங்க கவனம் செதறும்.

— இப்பவே செதறிடுச்சு துர்காம்மா. ரெண்டாவது சங்கும் ஊதிட்டான். மொதல்ல காலை எடுங்க குழியிலேர்ந்து. இன்னைக்கு பெரிய வெடி, உங்க தெருவே அதிரும். எடுத்துட்டீங்களா?

— எடுத்துட்டேன், தெனமும் எடுக்கறேன். ஆனா நானும் தறியும் அந்தத் தெருவை உட்டு காஞ்சிபுரத்துக்கே வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க, உங்க வெடிச் சத்தம் இங்க கேக்கவே கேக்காது.