பழைய தையலும் ஒரு கேள்வியும்

பாடத்தை எல்லாம் உங்க டீச்சருங்க சொல்லிக் குடுத்திருப்பாங்க. நான் மேடையில பேசுறவன். எனக்கு மருந்தும் தெரியாது, மாத்திரையும் தெரியாது. என்கிட்ட இருக்கிறது ஒரு குட்டிக் கதைதான். நர்ஸாகப் போற பிள்ளைகளா... அஞ்சு நிமிஷம் காதைக் குடுங்க.

வினோதான்னு ஒரு பொண்ணு. தென்காசிப் பக்கம். மூணு வருஷத்துக்கு முன்னாடி முதல் பிரசவம். பிள்ளைக்குத் தலை மேல இருக்கு, கால் கீழ இருக்கு. ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. இப்போ ரெண்டாவது. இந்தப் பிள்ளைக்குத் தலை கீழதான். டாக்டர் நஸ்ரின்கிட்ட அவ கேக்கிறா.

"டாக்டர், இந்தத் தடவை சுகப்பிரசவமா பெத்துக்கலாமா? ஆபரேஷன்னா மூத்தவளைத் தூக்கக்கூட முடியாது."

டாக்டர் பழைய ஆபரேஷன் பேப்பரைப் பார்த்தாங்க.

"கர்ப்பப்பையில தையல் குறுக்க, அடியில போட்டிருக்காங்க. முயற்சி பண்ணலாம்மா. நிறையப் பேருக்கு நல்லபடியா நடக்குது. ஆனா வலி எடுக்கும்போது உள்ளே அந்தத் தையல் விட்டுச்சுன்னா, உனக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அதனால ஆபரேஷன் தியேட்டரைத் தயாரா வச்சுக்கிட்டுத்தான் காத்திருப்போம். வேணாம்னு தோணுச்சுன்னா எப்ப வேணாலும் சொல்லு."

மாசம் நிறைஞ்சு, ஒரு நாள் காலையில ஏழு மணிக்கு வலியோட வந்தா. பக்கத்துல மாமியார். இன்னொரு பக்கம் சிஸ்டர் ஜெபராணி. இருபது வருஷமா பிரசவ வார்டுல இருக்கிறவங்க. வயித்துல ஒரு கை, கண்ணு கடிகாரத்துல.

எட்டு... ஒன்பது... பத்து. பதினோரு மணிக்குப் பாதி வழி வந்தாச்சு. அதுக்கு மேல நகரலை. பன்னெண்டு ஆச்சு. தலை இறங்கலை.

மாமியாருக்குப் பொறுக்கலை. "ஒண்ணு, ஊசியைப் போட்டு வலியைக் கூட்டுங்க. இல்லைன்னா ஆபரேஷன் பண்ணிருங்க. இப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தா எப்படிம்மா?"

"கூட்டுனா தையலுக்கு ஆகாதும்மா. கொஞ்சம் பொறுங்க"ன்னாங்க சிஸ்டர்.

பன்னெண்டரை. வினோதா சிஸ்டர் கையைப் பிடிச்சா.

"சிஸ்டர்... வலி விட்டுருச்சு. ஆனா தையல் இருக்கிற இடத்துல மட்டும் விடலை."

சிஸ்டர் முகம் மாறிப்போச்சு. அவங்க பயந்துக்கிட்டிருந்த வார்த்தை அதுதான். டாக்டர் ஓடி வந்தாங்க. ரத்தப்போக்கு இருக்கா? இல்லை. பிள்ளையோட துடிப்பு? நூத்தி நாப்பதுல இருந்தது நூத்திப் பதினெட்டு. இன்னும் ஆபத்து இல்லை... ஆனா இறங்கியிருக்கு.

"ஸ்ட்ரெச்சர் வண்டியைக் கொண்டாங்க. மயக்க டாக்டரை வரச் சொல்லுங்க."

வண்டி வந்து வாசல்ல நின்னுருச்சு. மாமியார் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. வினோதாவைத் தூக்கி வண்டியில வைக்கப் போறாங்க. அப்போ சிஸ்டர் கையில ஏதோ தட்டுப்படுது. அடிவயித்துல, தழும்புக்கு மேல, உருண்டையா ஒரு வீக்கம். குனிஞ்சு காதுக்கிட்ட கேட்டாங்க.

"ஏம்மா, கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனே?"

அவ கண்ணை மூடிக்கிட்டா. "காலையில... வீட்டுல."

"ஏன் சொல்லலை?"

"எழுந்து நடந்தா தையல் விட்டுருமோன்னு பயமா இருந்துச்சு சிஸ்டர். அடக்கிக்கிட்டேன்."

டாக்டரும் சிஸ்டரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. உடனே குழாய் வச்சு எடுத்தாங்க. முக்கால் லிட்டருக்கு மேல. டாக்டர் தழும்பு மேல விரலை வச்சு அமுக்குறாங்க.

"இப்ப வலிக்குதா?"

"...இல்லை டாக்டர்."

"இங்கே?"

"இல்லை."

துடிப்பு நூத்தி முப்பது... நூத்தி முப்பத்தாறு... நூத்தி நாப்பது. அப்பவும் டாக்டர் என்ன சொன்னாங்க தெரியுமா? "வண்டி வாசல்லயே நிக்கட்டும்."

அரை மணி நேரத்துல தலை இறங்க ஆரம்பிச்சுது. நிரம்பிக் கிடந்த மூத்திரப் பைதான் வழியை மறிச்சிருக்கு. ஒரு மணிக்கு சிஸ்டர் ட்யூட்டி முடிஞ்சுது. அவங்க எழுந்திரிக்கலை. ரெண்டு பத்துக்குப் பொம்பளைப் பிள்ளை பிறந்து அழுதுச்சு. டாக்டர் தாயோட நாடியையும் ரத்தப்போக்கையும் பார்த்துட்டு, ஒண்ணும் பயமில்லைன்னு சொன்ன பிறகுதான், மாமியார் தரையில உக்கார்ந்தாங்க.

சிஸ்டர் ஜெபராணி என்கிட்ட சொன்னாங்க: "எல்லாரும் என்னைப் பாராட்டினாங்க சார். எனக்கு வெக்கமா இருந்துச்சு. அஞ்சு மணி நேரம் பக்கத்துலயே இருந்தேன். துடிப்பை எண்ணினேன். அந்த ஒரு கேள்வியைக் கேக்கலையே."

பிள்ளைகளா... இதை ஏன் சொல்றேன்? உங்ககிட்ட வர்றவங்க எல்லாம் பயந்து வருவாங்க. முன்னாடி ஒரு தடவை வயித்துல கத்தி பட்டவ, ரெண்டு மடங்கு பயத்தோட வருவா. அவ தைரியமா இருக்கிற மாதிரிதான் தெரியும். அந்தத் தைரியத்துக்கு அடியில பயத்தை அடக்கி வச்சிருப்பா... தானா வாயைத் திறக்க மாட்டா. அன்னிக்கு நிஜமாவே தையல் விட்டிருந்தா? அதுக்கும் வண்டி நின்னுச்சு. அது வேணும். முயற்சி பண்ணுன்னு சொல்றவங்க வண்டியையும் நிறுத்தி வைக்கணும்.

ஆனா அது மட்டும் போதுமா? நாளைக்கு உங்க வார்டுல மெஷின் இருக்கும். துடிப்பு எத்தனைன்னு அது சொல்லும். ஒண்ணுக்கு வருதாம்மான்னு எந்த மெஷினும் கேக்காது.

நீங்கதான் கேக்கணும்.