நிறம் ஏறாத ஸ்லைடு

எங்கள் ஆய்வகத்து ஃபிரிட்ஜில் யாரும் சாப்பாடு வைக்கக் கூடாது. இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். உதவியாளர் பரீத் ஒருநாள் தயிர்சாத டப்பாவை உள்ளே வைத்துவிட்டு என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த ஃபிரிட்ஜில்தான், சார், புற்றுக்கட்டித் துணுக்கைச் சோதிக்கும் ஆன்டிபாடி குப்பி இருக்கிறது.

செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே இழுவை வேலை பார்க்க ஒரு மோட்டார் புரதம் உண்டு. சிம்மக்கல்லில் மூட்டை தூக்குகிறவர்களைப் போல அதுவும் ஓயாது. புற்றுக்கட்டியில் அது நிறைய இருந்தால் ஆன்டிபாடி போய் ஒட்டிக்கொள்ளும், ஸ்லைடு பழுப்பாகும். அந்தப் புரதத்தை முடக்கும் புது மருந்தை எங்கள் மருத்துவமனையில் சோதனை முறையில் கொடுத்துவந்தார்கள், ஸ்லைடு பழுப்பானவர்களுக்கு மட்டும். கடைசியாக ஓர் இடம் மிச்சமிருந்தது.

என் மனைவி நாகஜோதியின் கட்டித் துணுக்கை நானே சோதித்தேன். நிறம் ஏறவில்லை. திரும்பத் திரும்பச் செய்தேன், ஏறவேயில்லை. வேறு எந்த மருந்துக்கும் அவள் கட்டி அடங்கவில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

அதே வாரம் கீழக்குயில்குடி காசிமாயனின் துணுக்கு வந்தது. நல்ல பழுப்பு. இரண்டு ஸ்லைடுகளிலும் பெயர்களை மாற்றி ஒட்டினேன். நாகஜோதிக்கு ஊசி குத்தி எடுத்த இடம்தான் சரியில்லை, கட்டிக்குள் எங்காவது அந்தப் புரதம் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். அப்படி நினைப்பதில் தப்பில்லையே.

காசிமாயன் நேரில் வந்தார். "இல்லைன்னுட்டாகளே தம்பி. ஒருக்கா நல்லாப் பாத்துச் சொல்லுங்க. பிள்ளைக சின்னதுக." நியாயமான கோரிக்கை. டாக்டரும் மறுபடி செய்யச் சொன்னார்.

ஒவ்வொரு சோதனையிலும் ஒரு ஸ்லைடுக்கு ஆன்டிபாடி விடாமல் வெறும் உப்புக்கரைசலை விடுவோம். ஆன்டிபாடி இல்லாததால், யார் கட்டியாக இருந்தாலும் அதில் நிறம் ஏறக் கூடாது. ஏறினால் அன்றைய வேலையே தப்பு. அன்று அந்த ஸ்லைடில் காசிமாயன் பெயரை எழுதினேன். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். முதலில் பெயர் மாறியதைக் கைத்தவறு என்று நீங்கள் விட்டுவிடலாம். இது கைத்தவறில்லை.

"பாத்துட்டேண்ணே, இல்லை" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். வாசல்வரை போய்க் காட்டினேன். போன மாதம் இறந்துபோனார்.

நாகஜோதிக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. கட்டி பெருத்திருக்கிறது. "எனக்கு அந்தப் புரதம் இருக்குல்லங்க, அப்பச் சரியாயிரும்ல?" என்று கேட்கிறாள். சரியாயிரும் என்கிறேன். இந்த மருந்து அவளுக்கு ஆகாது என்று அந்த ஆன்டிபாடி முதல் நாளே காட்டிவிட்டது.

சொன்னதையெல்லாம் வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். மருந்தை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். காசிமாயனுக்கு இனி அது தேவைப்படாதே.