அத்தர் மணத்த மீன்

ஐம்பதுகளில் ஒரு காலை. மாமல்லபுரத்தில் ஏறிய மீன்காரம்மாவின் கூடையிலிருந்து ரோஜா வாசனை வந்ததும் செங்கல்பட்டு பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பின் சீட்டில் இருந்த எனக்கும் நன்றாகவே வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாயபு குனிந்து முகர்ந்தார்.

"இது என் அத்தர்மா! போன மாசம் புயல்ல கவுந்த கப்பல்ல வந்த சரக்கு. அதுக்குத்தான் இப்ப கோர்ட்டுக்குப் போறேன்."

"கரையில ஒதுங்கினா எங்குளுது சாயபு. ஆறு டப்பா கெடச்சுது. வெளக்குக்குக் கிருஷ்ணாயில்னு நெனச்சி எங்கூட்டுக்காரரு ஒண்ணத் தொறந்தாரு, படகு பூரா கொட்டிப்புட்டாரு. ரெண்டு நாளா எங்க மீன ஒருத்தரும் வாங்கல."

"கொட்டினதும் என்னுதுதான்."

"வாசனையுமா?"

"ஒவ்வொரு சொட்டும்!"

"அப்போ வாசன ஒட்டிக்கினு கீற மீனும் உன்னுது. மொத்தமா வாங்கிக்க. பேஜாரு புடிச்ச அந்த அஞ்சு டப்பாவையும் வூட்டாண்ட வந்து எடுத்துக்க."

பஸ்ஸே சிரித்தது. சாயபு முறைத்துப் பார்த்தார். பிறகு அவரும் வயிறு குலுங்கச் சிரித்து, மடியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

செங்கல்பட்டில் இறங்கியவர் கோர்ட் பக்கமே போகவில்லை. மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, அந்தம்மா பின்னாலேயே மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஏறினார்.