விடச் சொன்னார்

கயிற்றின் மேல் பழி வேண்டாம் ஐயா. நல்ல கயிறு. நானே திரித்து, நானே எண்ணெய் போட்டு வைத்தது.

எங்கள் மடம் செங்குத்துப் பாறையின் உச்சியில் இருக்கிறது. படி கிடையாது. அரிசி வந்தாலும் ஆள் வந்தாலும் என் கூடையில்தான் ஏற வேண்டும். கூடைக் கயிற்றின் சக்கரத்தைச் சுற்றுகிறவன் நான். மடத்துச் சாமிகள் பேசாத விரதக்காரர்கள். கூடை ஓடும்போது மட்டும் பேசலாம், அதுவும் மூன்றே வார்த்தை: இழு, நில்லு, விடு. வருஷக்கணக்காக என் காதில் விழுந்த மனிதப் பேச்சு அவ்வளவுதான். குறையாகச் சொல்லவில்லை. சாப்பாடு வேளைக்கு வந்தது.

பிறகு அந்தப் படக்காரர் வந்தார். சாமிகளைப் படமெடுத்துப் புத்தகம் போடப் போகிறாராம். கூடையை விட்டு இறங்கும்போதே, "என்னண்ணே, கிணத்துல வாளி தூக்கற மாதிரி தூக்கிட்டீங்க, வயித்துல இருந்ததெல்லாம் நெஞ்சுக்கு வந்துடுச்சே" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. தொண்டைக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

படப்பெட்டியை நிறுத்தும் முக்காலியை நான்தான் சுமந்தேன். சாமிகள் வரிசையாக நின்றால், "தூணுக்குத் துணி போர்த்தின மாதிரி நிக்கிறாங்கண்ணே. போய்க் கொஞ்சம் கிச்சுக்கிச்சு மூட்டிட்டு வாங்க" என்பார். அதைக் கேட்டுச் சமையற்கட்டுச் சாமி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். வேலை முடிந்தால் என் அறையில் வந்து உட்காருவார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, முதுகு வலிக்கு என்ன தடவுகிறேன் என்றெல்லாம் கேட்டார். அவர் போன பிறகும் நான் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

மழை பிடித்துக்கொண்டதால் சில நாள் கூடுதலாகத் தங்கினார். மழை விட்ட காலையில் பெட்டியோடு கூடையில் ஏறினார். கொஞ்சம் இறக்கிவிட்டு நிறுத்தினேன்.

"பெரிய சாமியை இன்னும் எடுக்கலையே தம்பி."

"எடுத்துட்டேனே."

"சமையற்கட்டுச் சாமியை?"

"அவரையும்தான், கரண்டியோட."

"அப்ப மறுபடி எப்ப வருவீங்க?"

"வேலை முடிஞ்சுதுண்ணே. இனிமே எதுக்கு வரப்போறேன்?"

"சும்மா வரக்கூடாதா? ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்களேன். இன்னைக்கு ஒரு பொழுதாவது."

அவர் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். "விடுங்கண்ணே" என்றார்.

விட்டேன்.

சக்கரத்துக்காரனிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் கயிற்றை விடுவான். அதுதான் வேலை. மெல்ல விட வேண்டும் என்பதும் வேலைதான். கைப்பிடி தானாகச் சுழன்றது. தடைக்கட்டை என் காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதை மிதித்துச் சக்கரத்தை நிறுத்தக் காலை நான் தூக்கவில்லை.

சத்தம் கேட்டுச் சாமிகள் ஓடி வந்தார்கள். விரதமெல்லாம் பறந்துபோயிற்று. "என்னப்பா ஆச்சு?" "உனக்கு அடிபட்டுச்சா?" "முதல்ல உக்காரு, தண்ணி குடி." பெரிய சாமி என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அவருக்கு இவ்வளவு மெல்லிய குரல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கைநழுவிவிட்டது, ஆள் போய்விட்டார் என்றேன். எட்டிப் பார்த்தார்கள். கீழே மேகம் மூடியிருந்தது. திரும்பி வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் அழுதார்கள். நான் ஒவ்வொருவருக்கும் நிதானமாகப் பதில் சொன்னேன்.

என் இடது கை கயிற்றின் மேலேயே இருந்தது. வெறும் கூடை, ஆளிருக்கும் கூடை, எதுவானாலும் கயிற்றைத் தொட்டால் எனக்குத் தெரிந்துவிடும். கூடை பாதி வழியில் பாறை இடுக்கில் மாட்டி நின்றிருந்தது. அங்கிருந்து இழுப்பு வந்துகொண்டிருந்தது. விட்டு விட்டு, பலமில்லாமல், வெகுநேரம். சக்கரத்தைச் சுற்றியிருந்தால் மேலே வந்திருப்பார்.

சொன்னால் எல்லோரும் எழுந்து ஓடியிருப்பார்கள். அப்போதுதான் பெரிய சாமி என் சொந்த ஊர் எது என்று கேட்டிருந்தார். அதை நான் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது.