மேட்டுத் தெரு வழியா போ

— ஒரு ஈ காக்கா இல்லண்ணே. பாலத்து முனையிலதான் சைக்கிள நிறுத்திட்டு, போன் ஒயர காதுல மாட்டிக்கிட்டுப் பேசறேன். நீங்க கூரியர் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு நெரிசல்ங்கறீங்க.

— இப்ப இருக்காது. நீ பாதிப் பாலம் போனதும் வந்துரும். மேட்டுத் தெரு வழியா போ.

— அது முழுக்கக் கல்லு பாவின தெரு. என் பையில இருக்கறது பல் டாக்டர் குடுத்த அச்சு. யாரோ பெரியவருக்குப் பல்லு செட்டு செய்யணுமாம். குலுங்காம கொண்டு போன்னு காலையிலேர்ந்து பாட்டுப் பாடினது யாரு?

— நான்தான். அது கெடக்கட்டும். மடியில வெச்ச புள்ள மாதிரி மெதுவா கொண்டு போ.

— சைக்கிள்ல ஏதுண்ணே மடி? சரி, போறேன். ஒரே ஒரு கேள்வி.

— உன் ஒரே ஒரு கேள்விக்கு எப்பவும் வாலு நீளம், வாயாடி.

— கவர் வடக்கே போனாலும் மேட்டுத் தெரு, தெக்கே போனாலும் மேட்டுத் தெரு. பசங்க எல்லாருக்கும் இதே கதைதான். அப்புறம், "சலவைக் கடை தொறந்திருக்கா?"ன்னு விசாரணை. நேத்து நெட்டையன்கிட்ட, முந்தாநாள் என்கிட்ட. உங்க சட்டை ஏதாவது அங்க மாட்டிக்கிச்சா?

— கடை தொறந்திருந்தா தெருவுல ஆள் நடமாட்டம் இருக்கும், பாத்துப் போகணும். அதுக்குத்தான்.

— காதுல பூ சுத்தாதீங்கண்ணே.

— ஏறுறியா இல்லியா? மூச்சு வாங்கற சத்தமே கேக்கல.

— ஏறிட்டுதான் இருக்கேன். அப்பாடி! இந்தா, உங்க கடை. பச்சைக் கதவு ரெண்டும் விரியத் தொறந்திருக்கு. காத்துல மூடாம கல்லு வேற முட்டுக் குடுத்திருக்கு.

— சரி. நல்லது. ரொம்ப நல்லது. கெளம்பு.

— இதுக்குப் போயி ஏன் இத்தனை "நல்லது"? இருங்க, உள்ள எட்டிப் பாத்துட்டு வரேன்.

— வேணாம்! ஏய், சொன்னா கேளு. தூரத்துலேர்ந்து பாத்தா போதும்.

— யாரு இருக்காங்க உள்ள? அதைச் சொல்லுங்க, நான் பாட்டுக்குப் போயிடறேன்.

— என் அக்கா.

— கூடப் பொறந்த அக்காவா? ஒரு போன் போட்டா முடிஞ்சுதே!

— பேச்சுவார்த்தை இல்லம்மா. நானும் உன்னை மாதிரி சைக்கிள்ல சுத்தினவன்தான். லாரிக்காரன் தட்டினதுல முட்டி போச்சு. "போதும்டா, என்கூட கடையில நில்லு"ன்னா அக்கா. "உன்னை மாதிரி ஆவியில வெந்து சாகணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"ன்னு கேட்டுட்டேன். கடை நெறைய ஆளுங்க நிக்கறப்போ. இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா ஏன்னு கேளுன்னு சொல்லிட்டு வந்தேன். இன்னிவரைக்கும் மிதிக்கல.

— அதனால எங்கள மேட்டுல மிதிக்க விட்டீங்களாக்கும்.

— மேல வீடு, கீழ கடை, அக்கா ஒண்டிக்கட்டை. கதவு தொறந்திருந்தா எழுந்து நடமாடறான்னு அர்த்தம். அது தெரிஞ்சாதான் எனக்கு மத்தியானம் சாப்பாடு எறங்கும். இப்பவாவது கெளம்பேன். பல்லு செட்டுக்காரர் காத்துட்டு இருப்பாரு.

— இருங்கண்ணே, வாசல்லேர்ந்து பாத்தா ஒண்ணு இடிக்குதே. ஆவிங்கறீங்க, இங்க ஆவியக் காணோம். சோப்பு வாசனை கூட இல்ல. கம்பி நெடுக வெறும் ஹேங்கர். இஸ்திரி மேஜை மேல ஒரு கைக்குட்டை இல்ல.

— காலையிலயே எல்லாத்தையும் குடுத்து முடிச்சிருப்பா. அவ கை வேகம் உனக்குத் தெரியாது.

— யாரும்மா அது வாசல்ல? தனக்குத்தானே பேசிக்கிட்டு?

— அது வந்தும்மா, சும்மா. சட்டை ஒண்ணு தேய்க்கணும். அதான்.

— போட்டிருக்கற சட்டையையா? என் தம்பி ஆபீஸ் பைதானே முதுகுல? நீயும் அந்த நெட்டைப் பையனும் வேகத்தைக் குறைச்சு, ஒரு பார்வை பாத்துட்டுப் பறந்துருவீங்க. இன்னிக்குத்தான் ஒருத்திக்கு நிக்கணும்னு தோணியிருக்கு.

— வாயாடி, நான் லைன்ல இருக்கேன்னு மட்டும் சொல்லிடாத. உன் கால்ல விழறேன்.

— அம்மா, அவரு லைன்லதான் இருக்காரு. பேசறீங்களா?

— குடு இப்படி. டேய், முட்டி எப்படி இருக்கு?

— மழை வந்தா வலிக்கும்க்கா. மத்தபடி ஒண்ணுமில்ல. அது கெடக்கட்டும். கடை எப்படிப் போகுது?

— கடையா? அதை மூடி வருஷக்கணக்காச்சுடா. நீ அனுப்பற புள்ளைங்க பாத்துட்டுப் போகணுமேன்னுதான், தெனம் கீழ எறங்கி வந்து கதவத் தொறந்து வெச்சிட்டு உக்காந்திருக்கேன்.